பொம்மையின் முதுகு

ஜெபமலருக்கு உடம்பு ஒன்று, ஊர் இரண்டு. மார்த்தாண்டத்துக்குப் போனால் அத்தை, "என்னட்டி, எலும்பும் தோலுமா வந்து நிக்க? அங்க சோறு கெடயாதா?" என்பாள். பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்து இறங்கினால் பக்கத்து வீட்டுச் சேச்சி, "தடி வச்சல்லோ ஜெபே!" என்று, குண்டாகிவிட்டதாகச் சொல்வாள். என்னைக் கேட்டால் இரண்டு பேரையும் கண் டாக்டரிடம் அனுப்புவேன். ஜெபமலர் இரண்டு பேருக்கும் சிரித்து வைப்பாள்.

மகள் ஜெஸ்லினால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. பிளஸ் டூ பிரிவு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மதியச் சாப்பாட்டை நிறுத்தினாள். அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டையும். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ஜெபமலர் ஓடிப்போய் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"எதுக்கு மக்ளே இப்படிப் பட்டினி கெடக்க?"

ஜெஸ்லின் சொன்னாள்: "உங்க கடையில பொம்மைக்கு ஒரு நீலக் கவுன் இட்டிருக்குல்லா? அதே சைஸ் நானும் போட்டுப் பாத்தேன். பொம்மைக்கு நிக்க மாதிரி எனக்கு நிக்கல."

கிழக்கேகோட்டைத் துணிக்கடையில் அந்தப் பொம்மைக்கு உடுப்பு மாட்டிவிடுவதே ஜெபமலர்தான். பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே பட்டினி போட்டோமே என்று அன்று முழுக்க அழுதாள்.

மறுநாள் கடை திறந்ததும் மகளைக் கூட்டிப்போனாள். பொம்மையின் முதுகை வாடிக்கையாளர் யாரும் பார்க்கக் கூடாது என்பது முதலாளி வேலாயுதன் போட்ட சட்டம். அது எப்போதும் சுவரை ஒட்டியே நிற்கும். ஜெபமலர் அதன் இடுப்பைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். முதுகு முழுக்க ஊக்கு. இடுப்பில் கவுனின் ஒரு பிடித் துணியைச் சுருட்டிக் கிளிப்பும் மாட்டியிருந்தது.

"எண்ணிப் பாரு, பதினொண்ணு. எல்லாம் நான் குத்துனது. இந்த உடுப்பு இந்தப் பொம்மைக்கே சேரல மக்ளே. பின்ன ஒனக்கு எப்படிச் சேரும்?"

ஜெஸ்லின் ஊக்குகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஜெபமலர் அவளை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து, கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்தாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும்.

அந்த நேரம் பார்த்து வேலாயுதன் உள்ளே வந்தார். "எந்தா ஜெபே இது? பொம்மையைத் திருப்பி நிறுத்தி எந்தா செய்யுது?"

"பிள்ளைக்குச் சோறு குடுக்குதேன் முதலாளி" என்றாள் ஜெபமலர்.