கோலத்தில் மீன் இல்லை

நான்காம் வகுப்பில் என்னைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து, கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலிருந்த மலாய்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். எனக்குத் தெரிந்த மலாய், கடையில் பிஸ்கட் வாங்கும் அளவுதான். வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்று, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அங்கே எனக்கு ஆசை வந்தது அறிவியல் கழகத்தின் மேல் மட்டுமே. சேர்ந்தவர்களுக்குப் பூதக்கண்ணாடி கொடுப்பார்கள்.

சேர வேண்டுமானால், ஒரு 'கோலம்' வரைந்து அங்கே இரை தேடி வரும் உயிர்களையும் வரைய வேண்டும் என்றார் மலாய்க்கார அறிவியல் டீச்சர். மலாயில் கோலம் என்றால் குளம். அது எனக்கு எங்கே தெரியும்? நம் கோலத்தை இவர்களும் மதிக்கிறார்களே என்று பூரித்துப் போனேன்.

எங்கள் ஃபிளாட் வாசலில் தினமும் பார்ப்பதையே வரைந்தேன்: அரிசிமாவுக் கோலம், மாவை இழுத்துப் போகும் எறும்பு, எறும்பைப் பிடிக்கும் பல்லி. கணிதம் படிக்கும் அண்ணன் எட்டிப் பார்த்து, "புள்ளிக் கணக்கு உதைக்குது லா," என்று அழித்துத் திருத்தினான். நர்ஸாக இருந்த சித்தி, "இவ்ளோ எறும்பா? வாசல மொதல்ல கழுவணும்," என்று முகம் சுளித்தார். அம்மா காவிக் கரை போட்டார். டீச்சர் என்ன கேட்டார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் மற்றவர்களின் தாளில் எல்லாம் தாமரையும் தவளையும். டீச்சர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இக்கான் மானா?" என்றார். மீன் எங்கே என்கிறார்!

கழகம் போச்சு என்று அழுகை முட்டியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இங்கே மீன் வராது, எறும்பு வரும், மாவைத் தின்னும், எறும்பைப் பல்லி தின்னும் என்று பாதி மலாயிலும் பாதி கையிலுமாகச் சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எது முதலில் வரும், மழை பெய்தால் எறும்பு என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, பள்ளி முற்றத்தில் ஒரு கோலம் போடு, எல்லாரும் பார்ப்போம் என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். "பாவம்மா, டீச்சருக்குக் கோலம்னா என்னன்னே தெரியல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

டீச்சர் என் தாளில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தால் நொடியில் முடிந்திருக்கும். அவர் ஏன் போடவில்லை என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.