கொள்ளிடத்தில் ஒரு நீலச் சட்டை

புத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று வைத்திருக்கிறேன். ட்ரோன் வாங்கிய பிறகு அதையும் நானேதான் ஓட்டுகிறேன். மாசி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், ஸ்ரீரங்கத்திலிருந்து போலீஸ்காரர் ஒருவர் போன் செய்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் காலையிலிருந்து காணவில்லை. மறதி நோய் உள்ளவர். கொள்ளிடத்துக்குள் இறங்கியிருப்பாரோ என்று சந்தேகம். ட்ரோனைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

நான் போய்ச் சேரும்போது ஐந்து மணி தாண்டியிருந்தது. கரையில் அந்தப் பெரியவரின் மகள் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லை.

"அப்பா என்ன சட்டைம்மா போட்டிருந்தார்?"

"வான நீலம்க்கா. அரைக்கை. நான்தான் காலையில போட்டுவிட்டேன். காவி வேட்டி."

நீலம் மணலில் பளிச்சென்று தெரியும் என்று நினைத்தேன். அவளிடமும் அப்படியே சொன்னேன்.

ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை. மணல், நாணல், இடையிடையே முழங்கால் ஆழத்துக்குத் தேங்கிய குட்டைகள். வெளிச்சம் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். கேமராவை நேராகக் கீழே பார்க்க வைத்தால் ஒரு நேரத்தில் ஒரு துண்டு மணல்தான் தெரியும். சாய்த்து வைத்தால் தொலைவு வரைக்கும் ஒரே படத்துக்குள் வந்துவிடும். கல்யாணங்களுக்கு அப்படித்தான் எடுப்பேன். அன்றும் சாய்த்தே வைத்தேன்.

மேற்கே போகும்போது சூரியன் நேராகக் கேமராவுக்குள் விழுந்தது. நாணல், மணல்மேடு எல்லாம் கறுப்பாகத் தெரிந்தன. அது எதிர்பார்த்ததுதான். திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். கிழக்கே திருப்பியதும் வெயில் கேமராவுக்கு முதுகுப்பக்கம் போனது. மணல் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது. குட்டைகள் எல்லாம் நீலமாக இருந்தன. சாய்வாகப் பார்க்கும்போது தண்ணீர் தன் நிறத்தைக் காட்டாது, எதிரே இருக்கிற வானத்தைத்தான் காட்டும். அந்த நீலத்துக்காகவே பல வருடமாக அந்தக் கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். இதை எழுதக் கூசுகிறது.

மகள் என் தோளை ஒட்டி நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என்ன, வெள்ளையா?"

ஒரு குட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்கு முன்னால் அதுபோல நாலைந்து பார்த்திருந்தோம். ட்ரோன் பக்கத்தில் போனதும் எல்லாம் பறந்துபோயின.

"கொக்கும்மா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். ட்ரோன் அதைக் கடந்து வந்துவிட்டது.

மூன்று பேட்டரியும் தீர்ந்தபோது போலீஸ்காரர் கேட்டார். "என்னங்க, இந்தப் பக்கம் இல்லைன்னு வச்சுக்கலாமா?"

"இல்லீங்க சார். இருந்திருந்தா நீலம் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பேச்சை நம்பித் தேடுதல் காவிரிப் பக்கம் போனது. பெரியவர் முன்பு தினமும் குளித்த படித்துறை அங்கேதான் இருந்தது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமல் நானாகவே திரும்பப் போனேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வானம் மூடியிருந்தது. மணலில் நிழலும் இல்லை, பளபளப்பும் இல்லை. இந்த முறை கேமராவை நேராகக் கீழே திருப்பினேன். நேற்று நீலமாகக் கிடந்த குட்டைகள் இன்று டீ நிறத்தில், அடிமணல் தெரியக் கிடந்தன. நாலாவது குட்டையில் நீலச் சட்டை இருந்தது.

ஒருக்களித்துக் கிடந்தார். ஆளை மூழ்கடிக்கிற ஆழம்கூட அந்தக் குட்டைக்கு இல்லை. போலீஸ்காரருக்குப் போன் செய்துவிட்டு, அவர்கள் வரும்வரை ட்ரோனை அவருக்கு மேலேயே நிறுத்தி வைத்திருந்தேன். தனியாக விட மனம் வரவில்லை.

உயிர் விடியற்காலையில்தான் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஸ்டுடியோவில் மத்தியானம் தனியாக இருந்தபோது, முதல் நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். கொக்கு வந்த இடத்தில் நிறுத்தினேன். நீலத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். ட்ரோன் நகர நகரத் தண்ணீரில் தெரிந்த வானமும் நகர்ந்தது. ஒரு துண்டு நீலம் மட்டும் நகரவில்லை. அதற்கு மேலே அந்த வெள்ளை. நரைத்த தலை. காவி வேட்டி சேற்றோடு சேர்ந்துபோயிருந்தது. மணலாக இருந்திருந்தால் நீளமாக நிழல் விழுந்து காட்டிக் கொடுத்திருக்கும். தண்ணீரில் அதுவும் விழவில்லை. அவர் உட்கார்ந்துகொண்டிருந்தார். படத்திலிருந்து மறையும் முன் அந்தத் தலை லேசாகத் திரும்பியது. ட்ரோன் சத்தம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு கல்யாண வீடியோக்களில் ஆறோ குளமோ வந்தால் வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினேன். எல்லாம் கொக்குதான். ஆனாலும் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் மகளை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். போனில் சொல்லத் தைரியம் இல்லை. நேரில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"உக்காந்திருந்தாராக்கா?"

"ஆமாம்மா."

"பயந்த மாதிரி இருந்தாரா?"

"முகம் தெரியலம்மா. தண்ணியப் பாத்து உக்காந்திருந்தார்."

அவள் கம்ப்யூட்டர் திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு, "நானும்தானேக்கா பாத்தேன். எங்கப்பா தலை எனக்கே தெரியல," என்றாள்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பார்க்க வேண்டும் என்று கேட்டாள், போட்டேன். மூன்று முறை பார்த்தாள். நிறத்தை மாற்றி நான் வைத்திருந்ததை வேண்டாம் என்றாள். "அன்னிக்கு நம்ம பாத்தது எப்படி இருந்துச்சோ, அதக் குடுங்க." பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்க்கா," என்று படியிறங்கினாள். அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

அந்தப் போலீஸ்காரர் யாரிடமோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். போன வருடம் தொட்டியம் பக்கம், வாழைத்தோட்டத்துக்குள் வழிதவறிப் போன வயதான அம்மா ஒருவரைத் தேடக் கூப்பிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் இலை மட்டும்தான். அதனால் தாழப் பறக்கவிட்டு, ஒவ்வொரு வரிசையையும் முதலில் ஒரு பக்கமிருந்தும் பிறகு மறுபக்கமிருந்தும் பார்த்தேன். வெயில் கேமராவுக்கு எதிரே இருக்கும்போது ஒரு முறை, பின்னால் வந்ததும் இன்னொரு முறை. பொறுமையிழந்து, "எத்தனை தடவைங்க அதையே பாப்பீங்க?" என்று ஒருவர் கேட்டார். ட்ரோனை அடுத்த வரிசைக்குத் திருப்பினேன். பதினோரு மணிவாக்கில் அந்த அம்மா திரையில் தெரிந்தார், வாய்க்கால் ஓரத்தில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். கையை அசைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, "இப்ப கொஞ்சம் மனசு ஆறிச்சா?" என்று என் கணவர் கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.