நினைத்தபோது எழுந்து போகும் வேலை

சுமலதாவுக்கு முப்பத்தாறு வயது. தேர்வாய் கண்டிகையில், கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் வேலை. அதற்கு முன்னால் மாமனார் நிலத்தில் நாற்று நட்டாள், களை பறித்தாள். அங்கே அவசரம் என்றால் வரப்பைத் தாண்டி ஒரு புதர் மறைவு போதும், ஏன் எதற்கு என்று ஒரு ஆளும் கேட்டதில்லை. கம்பெனியில் லைனுக்கு ஒரே ஒரு சிவப்பு டேக். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவள்தான் பாத்ரூம் போகலாம். அவள் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள். ஒன்றுக்குப் போகிறவள் கழுத்தில் பட்டை கட்டி அனுப்பலாம் என்று எந்த மகானுக்குத் தோன்றியதோ, அவர் நூறு வயசு வரைக்கும் இருந்து அடக்கிப் பார்க்கட்டும்.

அடக்குவதுதான் சுமலதாவால் முடியாத காரியம். ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பித்தது. வருகிறது என்று தோன்றினால் அடுத்த நிமிஷம் போயாக வேண்டும், இல்லையென்றால் துணி நனைந்துவிடும். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலே முட்டிக்கொண்டு வரும். வீட்டுக்காரன் சரவணனிடம் கூட அவள் இதைச் சொல்லவில்லை. வேலை நாளில் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். அதற்கு வந்த பலன் தலைவலியும், ஒன்றுக்குப் போகும்போது எரிச்சலும்தான்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் விஷயம் தெரியும். பக்கத்து சீட் கல்பனா. ஒரே பஸ்ஸில் வருகிறவள், ஒரே டப்பாவில் நாஷ்டா சாப்பிடுகிறவள். சுமலதா சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து டேக்கை முந்திக்கொண்டு போய் வாங்கி வருவதே அவள் வேலையாயிற்று. தான் ஒரு நடை போய்விட்டு வந்து, மேஜைக்குக் கீழே அதைச் சுமலதாவிடம் தள்ளிவிடுவாள். "எத்தினி வாட்டிடி போவ?" என்று மற்றவர்கள் கல்பனாவைத்தான் கிண்டல் செய்தார்கள். தனக்காகப் பேச்சு வாங்குகிறாளே என்று சுமலதா உருகிப்போனாள். கூடப் பிறந்தவள் கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று வீட்டில் போய்ச் சொன்னாள், என்ன செய்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் லைன் லீடர் நர்மதா கல்யாணமாகி ஓசூர் பக்கம் போனாள். லீடருக்கு சீட் கிடையாது. லைன் நெடுக நடந்துகொண்டே இருக்கலாம், நினைத்தபோது வெளியே போகலாம், டேக் தேவையில்லை. கூட வரும் சம்பளம் சுமலதாவுக்கு ரெண்டாம் பட்சம். கேட்காமல் எழுந்து போகிற அந்த உரிமைக்காகவே அவள் அந்த வேலைக்கு ஏங்கினாள். லைனில் மூத்தவள் அவள்தான், கைவேலையும் சுத்தம். சூப்பர்வைசர் ஸ்டீபனும், "உன் பேரதாம்மா மேல சொல்லியிருக்கேன்" என்றார்.

இதையும் கல்பனாவிடம்தான் சொன்னாள். "உனக்கு இல்லாம யாருக்குடி?" என்றாள் கல்பனா.

பத்து நாள் கழித்து ஸ்டீபன் கூப்பிட்டார். முகம் பார்த்துப் பேசவில்லை.

"தப்பா நெனச்சுக்காதம்மா. ஊத்துக்கோட்ட பஸ் ஸ்டாண்டுல என்னவோ ஆயிப்போயி, பாட்டில் தண்ணிய மேல ஊத்திக்கினு ஊட்டுக்குப் போனியாமே. கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்து நிக்கசொல்ல அந்த மாதிரி ஆச்சுன்னா பேஜாரும்மா. இந்த தபா கல்பனா இருக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டில் நடந்தது உலகத்தில் ரெண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி சுமலதா, இன்னொருத்தி அன்று அவளோடு பஸ்ஸுக்கு நின்ற கல்பனா. லீடர் வேலை கை நழுவியது கூடப் பெரிதில்லை. கல்பனா அதை எந்த வாயால் சொல்லியிருப்பாள், சொல்லும்போது சிரித்தாளா, இவர் சிரித்தாரா என்று அதையே நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. கல்பனாவிடம் போய்ச் சண்டை போடக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. சண்டை போட்டால் விஷயத்தை லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லியாக வேண்டுமே.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, அந்த வாரமே கும்மிடிப்பூண்டியில் டாக்டர் வைஜயந்தியிடம் போனாள். வெளியே பெஞ்சில் ஒரு ஆட்டோ டிரைவர், ஒரு காலேஜ் பெண், தலை நரைத்த ஒரு வாத்தியார். இவர்களுக்கெல்லாம் என்னவோ பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சீங்களா?" என்றார் டாக்டர். "ஆம்பளைங்களுக்கும் வருது, வயசுப் பிள்ளைங்களுக்கும் வருது. குழந்தை பெத்தவங்களுக்கு மட்டும்தான்னு இல்ல. ஒரு லைன்ல இத்தன பேர் உக்காந்திருந்தா அதுல நீங்க ஒருத்தர்தான்னு நான் சொல்லமாட்டேன். வெளிய சொல்றவங்கதான் கம்மி." தண்ணீரை நிறுத்தியதற்குத் திட்டினார். டீயைக் குறைக்கச் சொன்னார். இடுப்புக்குக் கீழே தசையை இறுக்கி விடும் பயிற்சியும், மாத்திரையும் கொடுத்தார்.

மறுநாள் சுமலதா லைனில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவளுக்கு இருக்குமோ, அவளுக்கு இருக்குமோ? புது லீடர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆடிட் நாள் வந்தது. வெளியூர் ஆட்கள் ஒவ்வொரு மேஜையாக நின்று கேள்வி கேட்க, கல்பனா நகர முடியாமல் கூடவே நின்று பதில் சொன்னாள். அவர்கள் அடுத்த லைனுக்கு நகர்ந்ததும் காணாமல் போனாள். கொஞ்ச நேரத்தில் சுமலதா டேக்கோடு பாத்ரூமுக்குப் போனபோது, மூடிய கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"யாரு அது?"

"சுமலதா."

"வெளிய மாட்டியிருக்கிற என் பையில ஒரு பேண்ட் இருக்குது. எடுத்துக் குடேன்."

பையைத் திறந்தாள். கேரி பேக்கில் சுற்றி, மடித்து வைத்த பேண்ட். பக்கத்தில் ஒரு பேட் பாக்கெட். பேண்ட்டின் மடிப்பு நெடுக நிறம் வெளுத்திருந்தது. நேற்று இன்று வைத்ததில்லை. கல்பனா டேக்கை ஏன் முந்திக்கொண்டு வாங்கினாள், ஏன் முதலில் தான் போய் வந்தாள் என்பது சுமலதாவுக்கு அங்கே நின்றபடியே விளங்கியது. லீடர் வேலை எதற்கு என்பதும்தான்.

கதவுக்கு மேலாகப் பேண்ட்டை நீட்டினாள். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

"எத்தினி வருசமாடி?"

"உனக்கு முன்னாடியே."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் உங்கிட்ட எல்லாத்தையும் கொட்டுனேனே."

"சொல்லியிருந்தா, நான் இன்னா பண்ணேனோ அத நீ பண்ணிட்டா?"

சுமலதாவுக்கு அழுகைதான் வந்தது, அதுவும் கோபத்தில் வந்த அழுகை. தன்னைக் காட்டிக்கொடுத்தவள் தன்னைப் போலவே தவித்தவள் என்று தெரிந்தால் மனசு இளகும் என்பார்கள். அவளுக்கு இளகவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருக்கலாம். இது எப்படி வலிக்கும் என்று அணு அணுவாகத் தெரிந்தவள் செய்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"யார்கிட்டயும் சொல்லிடாதடி," என்றாள் உள்ளே இருந்தவள்.

சுமலதா வெளியே வந்தபோது ஸ்டீபன் அவசரமாக வந்துகொண்டிருந்தார். "கல்பனா எங்கம்மா? ஆடிட்டர் கூப்பிடுறாரு."

ஒரு வார்த்தை போதும், அந்த வேலை இன்றைக்கே சுமலதாவுக்கு வந்துவிடும். கல்பனா அப்படித்தான் வாங்கினாள். அப்படி ஒரு வேலை எனக்கு வேண்டாம் என்று நினைத்தபோதே, அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டோம் என்பதும் நினைவு வந்தது.

"பேப்பர் எடுக்கப் போயிருக்குறாங்க சார். இப்ப வந்துடுவாங்க," என்று சொல்லிவிட்டு, தன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.