பாட்டின் பெயர் இல்லாத தபாலட்டை

வானொலி நேயர் விருப்பத்தின் விதி: ஓர் அட்டைக்கு ஒரு பாட்டு, பாட்டின் பெயர் கட்டாயம். பிடித்த இசைவகை ஒன்றைத் தெரிவுசெய்யும்படி பேத்தியின் கைபேசி இன்று கேட்டதும், அந்த விதியை மீறிய அக்காவை நினைத்தேன்.

கனகராயன்குளத்தில் எங்கள் றேடியோ சூடேறினால் மரமும் தூசியும் மணக்கும். அதன் முன்னிருந்து அக்கா எழுதினாள்: "நாதசுரம், பைலா, இந்திப்பாட்டு எல்லாம் பிடிக்கும். நான் இன்னும் கேட்காதது ஏதாவது போடுங்கள்."

"பாட்டின்ர பேர் எங்கை பிள்ளை?" என்றார் எங்களைப் பெற்ற ஐயா.

"பேர் தெரிஞ்சால் நான் ஏன் ஐயா கேக்கிறன்?"

ஊரார் பெயரெல்லாம் வானொலியில் வந்தன. அவள் பெயர் வரவில்லை. தையில் மணமுடித்து, றேடியோ இல்லாத கண்டாவளை வீட்டுக்குப் போனாள். அறிவிப்பாளர் அவள் பெயரை வாசித்து, நாங்கள் ஒருவரும் கேட்டிராத வயலின் இசையொன்றை ஒலிக்கவிட்டது, அவள் போன மறுநாள், தைப்பூசத்தன்று.