பாட்டில் கழுவியவர் எந்தப் பிரிவில் வருவார்

அமிர்தவல்லி. வயது நாற்பத்து மூன்று. நார்த்தாமலைக்கு அருகே வீடு. 2019 ஜூன் முதல் கீரனூர்ச் சாலையிலுள்ள ஒரு தனியார் கால்நடை நோயறி ஆய்வகத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். 2024 பிப்ரவரியில் புரூசெல்லா தொற்று உறுதியானது. கருச்சிதைந்த மாடுகளின் நஞ்சுக்கொடியிலிருந்து மனிதருக்குப் பரவி, மூட்டுகளை முடக்கும் காய்ச்சல் அது. மார்ச்சில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்.

நஞ்சுக்கொடியை வெட்டிச் சோதித்தவர்கள் கையுறை அணிந்தார்கள். அது வந்த பாட்டில்களை அமிர்தவல்லி தொட்டியில் போட்டு வெறுங்கையால் கழுவினார். தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அவருக்கும் ஒரு ஜோடி கையுறை கிடைக்கும். வந்தவர் வண்டி ஏறியதும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிளீச்சிங் பவுடரில் அலசி, பின்புறக் கொடியில் உலர்த்தி, அடுத்த தணிக்கைக்கு எடுத்து வைப்பார்கள். அலசும் வேலையும் அவருடையதுதான். இதற்குப் பெயர் பாதுகாப்பு.

நோய் ஆய்வகத்தில் வந்தது என்று எழுதித் தந்தால்தான் அவருக்குச் சிகிச்சையும் வேலையும் கிடைக்கும். மேலாளர் கோபிநாத் மறுத்துவிட்டார்.

"வீட்டு ஆட்டுலேருந்து வந்திருக்கும்."

"எங்க வீட்டுல ஒரு கோழிகூட இல்லீங்க."

"பக்கத்து வீட்டுல இருக்கும்ல?"

நவம்பரில், தேசிய உயிரியல் பாதுகாப்புச் சட்ட வரைவு குறித்துப் புதுக்கோட்டையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கணவர் வெள்ளைச்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு அமிர்தவல்லி படியேறினார். மேடையில் வரைவுக் குழுவின் ஆலோசகர் இருந்தார். அருகில், பாதுகாப்பு நடைமுறைகளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட கோபிநாத்.

ஆலோசகர் வரைவை வாசித்தார். ஆய்வகப் பணியாளருக்குத் தொற்று ஏற்பட்டால் நிறுவனமே பொறுப்பு. ஆய்வகப் பணியாளர் என்பவர், உயிரியலில் பட்டமோ பட்டயமோ பெற்று மாதிரிகளைக் கையாள்பவர்.

அமிர்தவல்லி எழுந்தார். "அப்ப அந்தப் பாட்டிலக் கழுவுனவ யாருங்க சார்? கிருமி என்ன, சர்டிபிகேட் பாத்துட்டா ஏறுது?"

அரங்கம் சிரித்தது. ஆலோசகரும் சிரித்தார்.

"சிரிங்க. ஒருநா வந்து அந்தத் தொட்டியில கைய விடுங்க, எல்லாருஞ் சேந்து சிரிப்போம்."

"உக்காருங்கம்மா. சொந்தப் பிரச்சினைய இங்க பேச முடியாது. கருத்து இருந்தா இங்கிலீஷ்ல எழுதி வெப்சைட்ல ஏத்துங்க" என்றார் ஆலோசகர்.

"ஏன், காய்ச்சல் தமிழ்ல வந்தா ஒத்துக்க மாட்டீங்களோ?" என்றார் வெள்ளைச்சாமி.

கோபிநாத் மைக்கை இழுத்துக்கொண்டார். "அவங்க எங்க ஸ்டாஃபே இல்ல சார். காண்ட்ராக்டர் ஆளு."

அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றுவதற்காகவே சட்டம் எழுதப்படுவதைப் போல ஆலோசகர் தலையசைத்தார். அமிர்தவல்லி உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். அடுத்துப் பேசியவர்கள் அவரைச் சுற்றிக் கடந்து மைக்குக்குப் போனார்கள்.

கூட்டத்தின் அறிக்கை ஜனவரியில் வெளியானது. பணியாளர் யார் என்னும் பிரிவில் மாற்றமில்லை. கூட்டத்தில் எழுந்து கருத்துச் சொன்னவர்கள் பதினேழு பேர். அறிக்கையில் உள்ள கருத்துகள் பதினாறு.