ஒரு தலைக்கு ஒரு வாளி

சிவசம்பு என்ற மனிதரை எனக்குப் பிடிக்காது என்றுதான் நான் ஆரம்பிக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் நான்கு மாடி ஃபிளாட்டின் வெந்நீர்க் கூட்டுறவுக்கு அவர்தான் செயலாளர். ரயில்வேயில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். சட்டம் என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் வரிசையில் நிற்க வைப்பார்.

கூட்டுறவு 1983இல் தொடங்கியது. அதற்கு முன் பன்னிரண்டு வீட்டிலும் குளிக்கிற தண்ணீரைக் கரியடுப்பிலும் மண்ணெண்ணெய் அடுப்பிலும்தான் காய வைத்தோம். படிக்கட்டுச் சுவரெல்லாம் புகை அப்பிக் கிடக்கும். எங்கள் மாடியில் இருந்த நாகையா ரயில்வே பட்டறையில் வெல்டர். கறுப்புச் சாயம் அடித்த தகரம், அதன் மேல் செப்புக் குழாய், அதற்கு மேல் கண்ணாடி என்று என்னவோ செய்து மொட்டைமாடியில் பரப்பினார். பக்கத்தில் ஒரு தொட்டி. பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தண்ணீர் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கேயே ஒரு குழாயில் ஆவி பறக்க வந்தது. ஆனால் தொட்டி சிறியது. சிவசம்பு சட்டம் போட்டார்: ஒரு தலைக்கு ஒரு வாளி. ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவர் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது.

முதலில் அடிபட்டது என் கணவர் பெயர்தான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரியில் தங்கி வேலை பார்த்தார். மாதம் ஒருமுறைதான் வருவார்; அது கணக்கில் சேராதாம். ஏழாவது மாதம் பிறந்த அன்றே சிவசம்பு பேனாவோடு என் வாசலில் நின்றார். அந்த எரிச்சல் எனக்கு அடங்கவே இல்லை.

அவர் மனைவி நேசம்மா அக்காவின் பெயர் மட்டும் பட்டியலில் அப்படியே இருந்தது. லண்டனில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவர், போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. கேட்டால், "அடுத்த மாசம் வாறா" என்பார் சிவசம்பு. தினமும் இரண்டு வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறுவார். பாவம், தனி ஆள் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

1987இல், சுபாங் ஜெயாவில் கட்டிக்கொடுத்த என் மகள் சந்திரகலா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் வேண்டாமா? ஒரு வாளி கூடக் கேட்டேன். "அவ விருந்தாளி. சட்டத்தில இடமில்லை" என்றார். பழையபடி கரியடுப்பைப் பற்ற வைத்தேன். புகையில் பச்சைக் குழந்தை இருமியது.

அடுத்த வாரம் ஆண்டுக்கூட்டம். சிவசம்பு எழுந்து பட்டியல் வாசித்தார். "வீடு எட்டு. சிவசம்பு, நேசம்மா. ரெண்டு பேர்."

நான் எழுந்துவிட்டேன். "ஏண்ணே, நேசம்மா அக்கா எங்க? மூணு வருஷமா அந்த வாளியில யாரு குளிக்கிறா? எங்க வீட்டுக்காரர் பேர மட்டும் அடிக்கத் தெரியுதா?"

"ராஜம்மா, விடு லா" என்றார் நாகையா. நான் விடவில்லை. "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம். அடிங்கண்ணே."

சிவசம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ வரமாட்டா" என்றார். "போன வருசமே எழுதிப்போட்டா. பேரப்பிள்ளையளோட அங்கயே இருக்கப் போறாவாம்." பேனாவை எடுத்து மனைவியின் பெயரை அடித்தார். "வீடு எட்டு. ஒரு ஆள்" என்று வாசித்துவிட்டு ஒன்பதாம் வீட்டுக்குப் போனார்.

ஜெயித்தது நான்தான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சிவசம்பு ஒரு வாளி வெந்நீரோடு என் வாசலில் நின்றார். "கமிட்டியில கேட்டுட்டன். ஒரு வாளி மிச்சம். பிள்ளைக்கு ஊத்துங்கோ."

"உள்ள வாங்கண்ணே. கோப்பி குடிச்சிட்டுப் போலாம்."

வேண்டாம் என்று தலையசைத்தார். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "இவ்வளவு நாளா இந்த வாளிய என்னண்ணே செஞ்சீங்க?"

"குளியலறையில மூடி வைப்பன். திடீரெண்டு வந்து நிண்டா? பச்சைத்தண்ணி பட்டா அவவுக்கு மூச்சிழுப்பு வரும். இந்தத் தொட்டியே அவவுக்காகத்தான் நாகையாவிட்டக் கேட்டனான்."

சொல்லிவிட்டுப் படி ஏறிப் போனார். அந்தத் தண்ணீரை எடுத்துச் சந்திரகலாவின் முதுகில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை. இதுவும் ஆறிப்போய்விடக் கூடாதே என்றுதான் ஊற்றினேன்.