கெர்வெனிக் மாளிகையின் பார்வைத் துளை

கெர்வெனிக் மாளிகையை நானூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் கட்டிய பிரபு யாரையும் நம்பாதவர் போலும். கருங்கல் கோபுரத்துக்குள் சுழல் படிக்கட்டு. அதில் ஏறினால் அவருடைய படுக்கையறை. அந்த அறைச் சுவரில், கீழே பெரிய கூடத்தைப் பார்க்கும்படி, தரையை ஒட்டிச் சாய்வாக ஒரு துளை வைத்திருந்தார். வேலைக்காரர்கள் என்ன தின்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று மேலிருந்தே வேவு பார்க்கலாம். அவர் வம்சம் அழிந்து, மாளிகை குத்தகைக் குடியானவர்களின் பண்ணைவீடாகிவிட்டது. பிரபு மட்டும் இன்னும் போகவில்லை என்றுதான் ஊரில் பேச்சு.

மத்தூரின் அங்கே வாழ வந்தவள். கணவன் கூல்வென் முதல் உலகப் போரில், வெர்துனில் செத்தான், உடல்கூட வரவில்லை. செய்தி வந்த அன்றே மாமியார் பெரின் படுத்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பிரபுவின் அறையில்தான் கிடந்தாள். மகன் பெயரைத் தன் காதுபட யாரும் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

நான் தையல்காரி. வியாழக்கிழமைகளில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து தைப்பேன். ஒருநாள், அப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த மத்தூரினின் கை நின்றது.

"ரொசென், மேலேருந்து யாரோ பாக்கறாங்க."

"பிரபுவா? உன் அப்பத்தப் பாத்து நாக்குல எச்சி ஊறுதோ என்னவோ!"

"சிரிக்காதடி. களிமண்ணும் வைக்கோலும் வச்சு மூணு தடவ அடைச்சேன். மூணு தடவையும் கீழ விழுந்து கெடக்கு. அத்தையால அசைய முடியாது. வேற யாரு இருக்கா மேல?"

நிமிர்ந்து பார்த்தேன். துளையின் இருட்டில் ஏதோ ஈரமாக மின்னி மறைந்தது. என் சிரிப்பு அடங்கிவிட்டது.

மரச்செருப்பைக் கழற்றிவிட்டு மத்தூரின் சத்தமில்லாமல் படியேறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

பெரின் துளையருகே தரையில் குப்புறக் கிடந்தாள். கட்டிலிலிருந்து கையூன்றியே ஊர்ந்து வந்திருக்கிறாள். முழங்கைகளில் தோல் உரிந்திருந்தது. நகக்கண்களில் களிமண்.

"என்ன அத்தை இது? என்னையா வேவு பாக்கறீங்க?"

கிழவி திரும்பவில்லை. "தனியா இருக்கறப்ப நீ அவன்கிட்ட பேசறே. கூல்வென், பசு கன்னு போட்டுச்சுங்கறே. கூல்வென், கூரை ஒழுகுதுங்கறே. அவன் பேரக் கேக்கத்தான் வந்தேன்."

மத்தூரின் அவளை முதுகில் சுமந்து, தேய்ந்த படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, நெருப்பருகே உட்கார வைத்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"உங்க புள்ள குறட்ட விட்டா மாட்டுக்கொட்டாயே அதிரும் அத்தை."

"பொறந்தப்பவே அப்படித்தான்டி!"

இரண்டு குளிர்காலம் கழித்துப் பெரின் இறந்தாள். அடுத்த வியாழக்கிழமை நான் போனபோது மத்தூரின் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மேலே, தரையில் ஏதோ மெல்ல இழுபடும் சத்தம். கட்டிலிலிருந்து சுவர்வரை வந்து நின்றது.

"போய்ப் பாக்கலாமா?" என்றேன்.

"வேண்டாம். நீ தை."

மேலே கேட்கும்படி குரலைச் சற்று உயர்த்தி, "கூல்வென், செவலைக்குப் பால் வத்திப்போச்சு" என்று பேச ஆரம்பித்தாள்.

அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் அவள் அங்கே தனியாகவே வாழ்ந்தாள். துளையை அடைக்கவே இல்லை. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தைப்பேன்.